"மிக்சர் போயிடுச்சு சார்" என்றார்கள். போகவில்லை.

வீட்டு மாடி அறையில் குரல் பதிவு செய்கிறேன். போன மாதம், மைக்கின் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும் ப்ரீஆம்ப் ஒன்றும், சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் கம்ப்ரசர் ஒன்றும் வாங்கினேன், இரண்டும் ரேக்கில் மாட்டும் ரகம். கடையிலிருந்தே ஆள் வந்து என் பழைய ஆடியோ மிக்சரோடு இணைத்துத் தருவார் என்றார்கள். கூலி 2,500 ரூபாய். கடையின் பெயர் வேண்டாம், நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

வந்தவர் ப்ரீஆம்ப்பின் எக்ஸ்எல்ஆர் (மைக் கேபிளில் இருக்கும் மூன்று பின் கனெக்டர்) அவுட்டை நேராக மிக்சரின் மைக் இன்புட்டில் செருகினார். கச்சிதமாகப் பொருந்தியது, எனக்கும் சந்தேகம் வரவில்லை. பேசினால் குரல் கரகரவென்று உடைந்தது. கெயினை, அதாவது சத்தத்தைத் தூக்கும் அளவை, அடியோடு குறைத்தும் பயனில்லை. "மிக்சர் போயிடுச்சு சார். புதுசு 38,000, உங்களுக்காக 35-க்குக் கேட்டுப் பாக்கறேன்."

மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். அதை ஒரு வோல்ட் அளவுக்குத் தூக்கிக் கொடுக்கத்தான் ப்ரீஆம்ப். மிக்சரின் மைக் இன்புட்டுக்குள்ளும் ஒரு ப்ரீஆம்ப் இருக்கிறது. தூக்கியதையே மறுபடி தூக்கினால் உடையாமல் என்ன செய்யும்? ஏற்கெனவே தூக்கிய சத்தத்துக்கென்றே இருக்கும் லைன் இன்புட்டில் கொடுத்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு, சில மைக்குகளுக்குக் கரண்ட் கொடுக்கும் மிக்சரின் 48 வோல்ட் ஃபேன்டமும் ஆனில் இருந்தது. இப்படி இணைத்தால் அது மைக்குக்குப் போகாது, ப்ரீஆம்ப்பின் அவுட்புட்டில் போய் ஏறும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

அடுத்து கம்ப்ரசர். அதை மிக்சரின் இன்சர்ட்டில், அதாவது சத்தத்தை வெளியே அனுப்பித் திரும்ப வாங்கும் துளையில், இணைக்க வேண்டும். 'இன்சர்ட் ஸ்பெஷல் கேபிள்' என்று 1,800 ரூபாய்க்கு ஒன்றை நீட்டினார். ஒரு முனையில் ஸ்டீரியோ பி38 (கால் அங்குல ஆடியோ பின்), மறுமுனையில் இரண்டு மோனோ பி38. அவ்வளவுதான் ஸ்பெஷல், வேறு கடையில் 300 ரூபாய். பெரும்பாலான மிக்சர்களில் அந்த ஸ்டீரியோ பின்னின் நுனி வழியாகச் சத்தம் வெளியே போகும், நடு வளையம் வழியாகத் திரும்பி வரும். நுனிக்குரிய கேபிள் கம்ப்ரசரின் இன்புட்டுக்குப் போக வேண்டும். இவர் இரண்டையும் மாற்றிச் செருகியதால் சேனலே ஊமையாகிவிட்டது. "பாத்தீங்களா, இன்சர்ட்டும் போச்சு!"

இடையில் 'உம்ம்' என்று ஓர் இரைச்சல் வேறு. அதற்கு அவர் செய்த வைத்தியத்தை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. கட்டிங் பிளேயரை எடுத்து ப்ரீஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை நறுக்கென்று வெட்டினார். இரைச்சல் நின்றது. நான் நன்றி வேறு சொன்னேன்!

மறுநாள் எங்கள் தெரு மைக் செட் அண்ணன் வந்தார். முதலில் பிளக்கைத்தான் பார்த்தார். "தம்பி, உள்ளே ஏதாவது லீக் ஆனா ரேக் முழுக்கக் கரண்ட் ஏறும். மைக்கை உதட்டுகிட்ட வெச்சிருக்கிறவன் கதி என்ன?" பிளக்கை மாற்றினார். இரைச்சல் திரும்ப வராமலிருக்க எல்லாவற்றுக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து கரண்ட் கொடுத்தார். ப்ரீஆம்ப்பை இரைச்சலைக் குறைக்கும் பேலன்ஸ்டு கேபிளில் லைன் இன்புட்டுக்கு மாற்றி, ஃபேன்டமை அணைத்து, இன்சர்ட் பின்கள் இரண்டையும் இடம் மாற்றினார். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. குரல் தண்ணீர் மாதிரி தெளிவாக வந்தது. காசு வாங்க மறுத்துவிட்டார், டீ மட்டும் குடித்தார்.

நீங்கள் யாரையாவது கூப்பிட்டால், கூலி கொடுப்பதற்கு முன்பே, அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்து கேளுங்கள். எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை. அதனால்தான் கடைக்குப் போன் செய்தபோது, "எங்க ஆள் அப்படிப் போட்டிருக்க மாட்டான்" என்று சாதித்தார்கள். கேபிளையும் திருப்பி எடுக்க முடியாதாம்.

போனை வைக்கும் முன் கேட்டார்கள்: "சார், அந்தப் பழைய மிக்சரை 9,000-க்குக் குடுத்துடறீங்களா?"