ஒரே கடலை மாவு, நாலு பலகாரம்: தீபாவளிக்கு எதைச் செய்வது?

கடலை மாவு, நெய், சர்க்கரை. இந்த மூன்றும் வீட்டில் இருந்தால் உள்ளே துளைத்துளையாகக் கூடு விழுந்த பழைய பாணி மைசூர்பாகு, வாயில் கரையும் நெய் மைசூர்பாகு, பேசன் லட்டு, நான்கட்டாய் என்று நாலு பலகாரம் செய்யலாம். நான்கட்டாய்க்கு மட்டும் மைதாவும் கொஞ்சம் ரவையும் கூடுதலாக வேண்டும். பொருள் ஒன்றாக இருப்பதால் வேலையும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று நம்பி இறங்குகிறவர்கள் பாதியில் தவித்துப் போகிறார்கள். முதல் இரண்டிலும் சர்க்கரை பாகாகக் காய்கிறது. மற்ற இரண்டிலும் பொடியாகச் சேர்கிறது. பாகு வேலை சில நொடிகளில் முடிவாகிவிடும், பிசகினால் பெரும்பாலும் பிசகியதுதான். பொடிச் சர்க்கரை வேலையில் தவறினாலும் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும்.

நாலுக்கும் பொதுவாகச் சில விஷயங்கள். மாவு புதிதாக இருக்க வேண்டும். பழைய மாவின் சிக்கு வாடையை எத்தனை ஏலக்காய் போட்டாலும் மறைக்க முடியாது. பஜ்ஜி மாவு என்று விற்கும் கலவையில் அரிசி மாவும் உப்பும் காரமும் இருக்கும், அது கூடவே கூடாது. மில்லில் அரைப்பதானால் மிளகாய் அரைத்த கையோடு நம் கடலைப் பருப்பைப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த மாவானாலும் இரண்டு முறை சலிக்க வேண்டும். வீட்டில் காய்ச்சிய நெய்யில் அடிக்கசடு இருந்தால் வடிகட்டிவிடுங்கள், நன்றாகக் காயும்போது அதுதான் முதலில் கருகும். கீழே சொல்லும் கப் 240 மில்லி. அந்த அளவில் கடலை மாவு சுமார் 100 கிராம், சர்க்கரை 200 கிராம், நெய் 215 கிராம் இருக்கும்.

கூடு மைசூர்பாகு

மைசூர் அரண்மனையில் சமையல்காரர் காகாசுர மாதப்பா செய்ததாகச் சொல்லப்படும் பலகாரம் இது. நாலில் கடினமானதும் இதுதான், வீட்டில் செய்தது என்று தனியாகத் தெரிவதும் இதுதான். மாவு 1 கப், சர்க்கரை 2 கப், தண்ணீர் முக்கால் கப், நெய் 1 கப், வாசனையில்லாத ரீஃபைண்ட் எண்ணெய் 1 கப். எண்ணெய் சேர்ப்பது சிக்கனத்துக்கு மட்டுமல்ல. முழுக்க நெய்யாக இருந்தால் தொடர்ந்து காய்ந்துகொண்டிருக்கும்போது சீக்கிரம் சிவந்து தீய்ந்த வாசனை வரும். பாதி எண்ணெய் அந்தச் சூட்டைத் தாங்கும். அந்தக் காலத்தில் பல வீடுகளில் வனஸ்பதி சேர்த்தார்கள், ஆறியதும் கெட்டியாக உறையும் என்பதால். இன்று அதற்குத் தேவையில்லை.

இரண்டு அடுப்பு வேண்டும், இரண்டு பேர் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு அடுப்பில் நெய்யும் எண்ணெயும் கடைசிவரை காய்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு சிட்டிகை மாவைப் போட்டால் உடனே பொரிந்து மேலே வர வேண்டும், அதுதான் சரியான சூடு. இன்னொரு அடுப்பில் அடிகனமான வாணலியில் சர்க்கரையும் தண்ணீரும் கொதிக்கட்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒற்றைக் கம்பி அறுபடாமல் நீண்டால் பதம். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் 105 டிகிரி செல்சியஸ் பக்கம் காட்டும். தீயைக் குறைத்து, ஒருவர் மாவைத் தூவிக்கொண்டே வர, மற்றவர் கை நிற்காமல் கிளற வேண்டும். கட்டியில்லாமல் கலந்ததும் காய்ந்த நெய்யை ஒரு குழிக்கரண்டி ஊற்றுங்கள். சுர்ரென்று பொங்கி நுரைக்கும். அது அடங்கி நெய் உள்ளே இழுபட்டதும் அடுத்த கரண்டி. கரண்டி ஈரமாக இருந்தால் நெய் தெறிக்கும், ஆகவே துடைத்து வைத்த நீளக் காம்புக் கரண்டிதான் வேண்டும். பிள்ளைகளை அந்த நேரம் அடுப்படிக்குள் விடாதீர்கள்.

பாகில் மிச்சமிருக்கும் தண்ணீர், காய்ந்த நெய் பட்டதும் ஆவியாகக் கிளம்புகிறது. அந்த ஆவி போன வழியெல்லாம் துளையாக நிற்க, சுற்றியிருக்கும் சர்க்கரை இறுகிவிடுகிறது. கூடு விழுவது இப்படித்தான். நெய் ஆறியிருந்தால் ஆவி கிளம்பாது. எத்தனை நேரம் கிளறினாலும் கெட்டிப் பர்பிதான் மிஞ்சும். கூடு வரவில்லை என்று சொல்பவர்கள் பலரும் பாகைப் பழிக்கிறார்கள், பக்கத்து அடுப்பின் தீயைப் பார்ப்பதில்லை. கடைசியில் சிட்டிகை ஆப்ப சோடா போட்டுத் துளை வரவழைக்கும் வழியும் உண்டு. துளை வரும், கூடவே மாவு செம்மஞ்சளாகி நாக்கில் ஒரு உவர்ப்பும் நிற்கும். சூடான நெய் செய்யும் வேலைக்கு சோடா ஈடாகாது.

கலவை இனி நெய்யை இழுக்காமல், ஓரம் விட்டு, நுரைத்து எழும்பிய நிலையில் இருக்கும்போதே தட்டில் கொட்டிவிட வேண்டும். பத்து நொடி தாமதித்தால் வாணலியிலேயே உதிர ஆரம்பிக்கும். தட்டு இரண்டு அங்குல ஆழமாவது இருக்கட்டும். ஆழத்தில் நடுப்பகுதி வெகுநேரம் சூடாகவே இருந்து சிவந்து போகும். வெட்டினால் மேலும் கீழும் வெளிர் மஞ்சள், நடுவில் பழுப்புப் பட்டை. தாம்பாளத்தில் பரப்பினால் இந்தப் பட்டை வராது. கொட்டிய பிறகு கரண்டியால் அமுக்கக் கூடாது, தட்டைத் தட்டவும் கூடாது, கூடு அடைந்துபோகும். ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள், சூட்டோடு கத்தியால் கோடு போட்டு வெட்டிவிட்டு, தட்டை ஒரு பக்கம் சாய்த்து வைத்தால் மிச்ச நெய் வடிந்து சேரும்.

உதிர்ந்து தூளாகிவிட்டால் மறுபடி கூடு வராது. கால் கப் பால் தெளித்துச் சிறு தீயில் சுருளக் கிளறினால் பர்பியாகத் துண்டு போடலாம், ஆனால் இரண்டு நாளில் தின்று தீர்க்க வேண்டும்.

நெய் மைசூர்பாகு

கோவைக் கடைகள் பிரபலமாக்கிய மென்மையான வகை. மாவு 1 கப், சர்க்கரை ஒன்றேகால் கப், நெய் ஒன்றேகால் கப், தண்ணீர் கால் கப்புக்குச் சற்று அதிகம். இதில் எண்ணெய் கலந்தால் உடனே தெரிந்துவிடும், முழுக்க நெய்தான். மாவைச் சிறு தீயில் நாலைந்து நிமிடம் பச்சை வாசனை போக வறுத்து, சலித்து, பாதி நெய்யை உருக்கி ஊற்றித் தோசை மாவுப் பதத்தில் கரைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே நெய்யில் கரைப்பதால் பாகில் கட்டி தட்டுவதில்லை. ஒற்றைக் கம்பிப் பாகில் இதை ஊற்றிக் கிளறி, மிச்ச நெய்யை மூன்று நாலு தவணையாக விட வேண்டும். இங்கே நெய் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், பொங்க வேண்டிய அவசியமில்லை. கலவை ஒட்டாமல் திரண்டு, ஓரத்தில் நெய் கசியத் தொடங்கியதும் இறக்கித் தட்டில் சமப்படுத்துங்கள். துண்டு போட முக்கால் மணி நேரமாவது பொறுக்க வேண்டும்.

கம்பிப் பதத்துக்கு முன்பே மாவைச் சேர்த்தால் அல்வா மாதிரி இழுபடும். திரும்ப அடுப்பில் வைத்து இரண்டு நிமிடம் கிளறினால் சரியாகும். பதம் தாண்டிப்போனால்தான் வழியில்லை, இறுகிவிடும். ஒரே ஆள் செய்து முடிக்கலாம் என்பது பழைய வகையோடு ஒப்பிட்டால் பெரிய வசதி. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்: இந்த மென்மையான வகை நல்ல கடைகளில் தரமாகவே கிடைக்கிறது. நடுவில் பழுப்பு ஓடிய, கடித்தால் பொரபொரவென்று உடையும் அந்தப் பழைய மைசூர்பாகுதான் கடைகளில் அருகி வருகிறது. வீட்டில் மெனக்கெடுவதானால் அதற்கே மெனக்கெடலாம்.

பேசன் லட்டு

முதல் முறை செய்கிறவர்களுக்குத் தயங்காமல் சொல்லக்கூடியது இது. மாவு 2 கப், நெய் அரை கப், பொடித்த சர்க்கரை 1 கப். கொஞ்சம் கொரகொரப்பான மாவு இதற்கு நன்றாக இருக்கும். நெய்யில் மாவைச் சேர்த்து மிகச் சிறு தீயில் வறுக்க வேண்டும். முதலில் வறண்டு கட்டியாக நிற்கும். நெய் போதவில்லையோ என்று இன்னும் ஊற்றுவதுதான் எல்லாரும் செய்யும் பிழை. பதினைந்து நிமிடத்துக்கு மேல் மாவு தானாகவே தளர்ந்து பளபளப்பாக இளகும். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் வாசனை வீடு முழுக்கப் பரவும்போது ஒரு ஸ்பூன் தண்ணீர் தெளித்தால் நுரைத்து அடங்கும், மாவு குருணையாகும். அவசரப்பட்டு முன்பே இறக்கினால் லட்டு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

சூட்டோடு சர்க்கரை சேர்த்தால் அது உருகிக் கலவை ஓடும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு சேருங்கள். உருண்டை தட்டையாக அமர்ந்தால் நெய் கூடிவிட்டது என்று பொருள். கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து மறுபடி உருட்டினால் நிற்கும். நேரமே இல்லை என்றால் நம் மாலாடு இருக்கிறது. பொட்டுக்கடலை மாவு ஏற்கெனவே வறுபட்டது, சர்க்கரைப் பொடி கலந்து சூடான நெய் விட்டுப் பிடித்தால் அரை மணியில் முடியும். பேசன் லட்டின் ஆழமான மணம் மட்டும் அதில் கிடைக்காது.

நான்கட்டாய்: அவனா, பாத்திரமா?

சூரத்தில் பிறந்த இந்த நெய் பிஸ்கட்டை இலங்கைத் தமிழர்கள் ஞானகதா என்பார்கள். மைதா 1 கப், கடலை மாவு கால் கப், ரவை 2 மேசைக்கரண்டி, பொடித்த சர்க்கரை அரை கப், நெய் அரை கப், பேக்கிங் பவுடர் கால் தேக்கரண்டி, ஏலக்காய். நெய் உறைந்து மெத்தென்று இருக்க வேண்டும். உருகிய நெய்யில் பிசைந்தால் பிஸ்கட் எல்லாம் படர்ந்து ஒன்றோடொன்று ஒட்டும். நெய்யையும் சர்க்கரையையும் வெளுத்து இலேசாகும் வரை ஐந்து நிமிடம் அடித்து, மாவுகளைச் சேர்த்துத் திரட்டினால் போதும், சப்பாத்திக்குப் போல அழுத்திப் பிசைய வேண்டாம். உருட்டி இலேசாகத் தட்டி, இருபது நிமிடம் குளிர வையுங்கள்.

ஓடிஜி அவனில் மேல் கீழ் இரண்டு கம்பியும் எரிய, முன்சூடு செய்த 160 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம். அடியோரம் இலேசாகச் சிவந்தால் எடுத்துவிடலாம். சூட்டில் அழுத்தினால் அமுங்கும், வேகவில்லையோ என்று திரும்ப உள்ளே தள்ளாதீர்கள். ஆறியதும் தானே மொறுமொறுப்பாகும்.

அவன் இல்லாதவர்கள் குக்கரில் சுடுவது வழக்கம். தண்ணீரில்லாமல் காய்ச்சுவது குக்கருக்கு நல்லதல்ல என்பதால் பழைய கனமான அலுமினியப் பாத்திரம் மேல். நான்ஸ்டிக் வேண்டாம். அடியில் ஒரு கப் தூள் உப்பைப் பரப்பி, ஸ்டாண்டு வைத்து மூடிப் பத்து நிமிடம் காயவிட்டு, தட்டை இறக்கிச் சிறு தீயில் 22 முதல் 25 நிமிடம். ருசியில் பெரிய குறை இல்லை. ஆனால் மேலே நிறம் வராது, அடி சீக்கிரம் சிவக்கும், ஒரு தடவைக்கு ஆறேழுதான் வைக்க முடியும். பதினெட்டு பிஸ்கட்டுக்கு மூன்று ஈடு, ஒன்றரை மணி நேரம். பத்து வீட்டுக்குக் கொடுப்பதானால் பாத்திரம் கட்டுபடியாகாது.

எப்போது, யாருக்கு?

தனியாகச் செய்கிறீர்கள், ஒரு மாலைதான் இருக்கிறது என்றால் பேசன் லட்டு. அவன் இருந்து நிறையப் பேருக்குக் கொடுக்க வேண்டுமானால் நான்கட்டாய், கிராமுக்குக் கிராம் பார்த்தால் நெய் மைசூர்பாகைவிட லட்டுக்கும் இதற்கும் நெய் செலவும் குறைவு. கூட ஒரு ஆள் நிற்கத் தயாராக இருந்தால் கூடு மைசூர்பாகு, அதுவும் முதல் தடவை ஒரு கப் மாவுக்கு மேல் போகாமல். பெரிய அளவில் போட்டால் கிளற வலுவும் போதாது, கொட்டும் வேகமும் வராது.

நான்கட்டாய், கூடு மைசூர்பாகு, லட்டு மூன்றும் ஈரமில்லாத டப்பாவில் இரண்டு வாரம் தாராளமாக இருக்கும், பண்டிகைக்கு நாலைந்து நாள் முன்பே முடித்துவிடலாம். நெய் மைசூர்பாகைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், பத்து நாளைக்குள் முடிக்க வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்தால் நெய் உறைந்து கல்லாகும், சாப்பிடுமுன் வெளியே எடுத்து வைக்க வேண்டியிருக்கும். டப்பாவில் அடுக்கும்போது நான்கட்டாயையும் நெய் மைசூர்பாகையும் ஒன்றாக வைக்காதீர்கள். கசியும் நெய்யில் பிஸ்கட் ஊறி மொறுமொறுப்பு போய்விடும். ஒரே டப்பாவில்தான் கொடுக்க வேண்டும் என்றால் மைசூர்பாகைத் தனித்தனியாக பட்டர் பேப்பரில் சுற்றி வையுங்கள்.