ஹீத் பாரசோலா, ஏரோன்கா சி-2வா?

1920களின் கடைசியில், சொந்தமாகப் பறக்க ஆசைப்பட்ட சாதாரண அமெரிக்கருக்கு ஒற்றை இருக்கை விமானங்களில் இரண்டு நல்ல வழிகள் இருந்தன.

சிகாகோவில் எட் ஹீத் 1926இல் உருவாக்கிய பாரசோலை வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம். பாகங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கலாம். முதல் பாரசோலுக்குப் பழைய தாமஸ்-மோர்ஸ் விமானத்தின் கீழ் இறக்கைகளையே மாட்டினார்கள். எஞ்சின் ஹெண்டர்சன் மோட்டார் சைக்கிளுடையது. கையில் பணம் குறைவு, பொறுமை அதிகம் என்றால் இதுதான் சரி.

ஜீன் ரோஷே வடிவமைத்த, ஏரோன்கா நிறுவனத்தின் சி-2, 1929இல் சின்சினாட்டியிலிருந்து முழு விமானமாகவே வந்தது. விலை 1,495 டாலர். உடலின் தோற்றத்தைப் பார்த்து ‘பறக்கும் குளியல் தொட்டி’ என்றே அழைத்தார்கள். அப்புறம் எஞ்சின்: இரண்டு சிலிண்டர், சுமார் 26 குதிரைத்திறன்தான். ஆனால் விமானத்துக்கென்றே செய்தது. கட்டுவதைவிடப் பறப்பதுதான் ஆசை என்றால், நான் யோசிக்காமல் சி-2வைச் சொல்வேன்.