கழுகா, சேபிளா? கேத்தரீன் காலத்து இரண்டு செப்புக் காசுகள்

இரண்டுமே ரஷ்யாவில் இரண்டாம் கேத்தரீன் ஆண்ட காலத்துக் காசுகள். ஒன்று பேரரசில் பரவலாகப் புழங்கிய 5 கோபெக் (நூறு கோபெக் ஒரு ரூபிள்). மற்றது சைபீரியாவுக்கென்றே 1766 முதல் 1781 வரை சுசுன் நாணயச் சாலையில் அடித்த 10 கோபெக். ஒன்றுக்குத்தான் கையில் காசு இருந்தது. 5 கோபெக்கை வாங்கினேன்.

அழகு என்று பார்த்தால் சைபீரியக் காசுதான். பின்னங்காலில் நிமிர்ந்த இரண்டு சேபிள்கள் (கீரி போன்ற ரோம விலங்கு) கிரீடம் வைத்த கேடயத்தைப் பிடித்திருக்கும். கேடயத்துக்குள் மதிப்பும் ஆண்டும். ரஷ்யர்களைச் சைபீரியாவுக்கு இழுத்ததே சேபிளின் ரோமம்தான், அதனால் பொருத்தமான சின்னம். சைபீரியாவின் கோலிவான் பகுதித் தாதுச் செம்பில் கொஞ்சம் வெள்ளியும் தங்கமும் கலந்திருந்ததால், சாதாரணச் செம்பில் ஒரு பூதுக்கு (16.38 கிலோ) 16 ரூபிள் மதிப்புக்குக் காசு அடித்தார்கள் என்றால் இதில் 25. ஆனால் இந்தக் காசை நான் கையில் பிடித்துப் பார்த்தது ஒரே முறை, அதுவும் ஐந்து நிமிடம்.

5 கோபெக்கின் ஒரு பக்கம் இருதலைக் கழுகு, மார்பில் புனித ஜார்ஜின் கேடயம். மறுபக்கம் கேத்தரீனின் பெயரெழுத்து, மேலே கிரீடம். எடை 51 கிராம், நம் பத்து ரூபாய்க் காசு ஆறரை சேர்ந்த கனம். இதில் 100 ரூபிள் எடுத்துப் போக 102 கிலோ செம்பைச் சுமக்க வேண்டும். 1769இல் காகிதப் பணம் வந்ததில் வியப்பென்ன!

சரி, என்னை இதன் பக்கம் சாய்த்தது வேறு. என்னுடையது 1763ஆம் ஆண்டுக் காசு. பழைய காசின் மேலேயே புதிய அச்சு அடித்தது. கேத்தரீனின் கணவர் மூன்றாம் பீட்டர் 1762இல் இதே எடையில் 10 கோபெக் அடித்தார், முரசும் கொடிகளும் பீரங்கியும் போட்டு. அதே ஆண்டு அவரை இறக்கிவிட்டு அரியணை ஏறிய கேத்தரீன், அந்தக் காசுகளையே திரும்ப வாங்கி, தன் கழுகை அடித்து, மதிப்பைப் பாதியாக்கினார். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் கழுகின் சிறகுக்கு அடியில் ஒரு முரசின் வளைவு தெரிகிறது. கணவனை அழிக்கப் பார்த்தும் முழுசாக அழியவில்லை. சேபிள் காசில் இந்தக் கதை கிடையாது.

வாங்குபவர்கள் கழுகின் தலைமேல் உள்ள கிரீடத்தைக் கவனியுங்கள். ரஷ்யாவோடு போர் நடந்த சமயத்தில் ஸ்வீடன் தன் அவேஸ்டா நாணயச் சாலையில் 1787 என்று ஆண்டு போட்டுக் கள்ளக் காசு அடித்தது. அதில் பேரரசுக் கிரீடத்துக்குப் பதில் வேறு வடிவக் கிரீடம் இருக்கும். வேடிக்கை என்னவென்றால், இன்று சேகரிப்பவர்கள் அந்தக் கள்ளக் காசையும் தேடி வாங்குகிறார்கள்.

அப்புறம் பராமரிப்பு. எங்கள் ஊர் ஈரக்காற்றுக்குச் செம்பில் களிம்பு சீக்கிரம் ஏறும். அம்மா ஒருநாள் காசைப் பார்த்துவிட்டு, குத்துவிளக்கு தேய்த்த கையோடு புளியை எடுத்துக்கொண்டு வந்தார். நல்லவேளை, நான் வீட்டில் இருந்தேன். 260 வருடப் பழுப்பு ஒருமுறை போனால் திரும்பாது. விற்கப் போனால் பாதி விலைகூடத் தேறாது.