சைக்கிளுக்கு ஹேண்ட் வார்மர்: கடையில் வாங்கியதும் வீட்டில் தைத்ததும்

வீட்டிலிருந்து கென்னடி சப்வே ஸ்டேஷன் வரை எனக்கு 25 நிமிட சைக்கிள் பயணம். டொராண்டோவின் ஸ்கார்பரோவில் ஜனவரியில் மைனஸ் 10 வந்துவிட்டால், காலும் முதுகும் மிதிக்க மிதிக்கச் சூடாகிவிடும், விரல்கள் மட்டும் மரத்துப்போகும். மைனஸ் 10-இல் 20 கிலோமீட்டர் வேகக் காற்று அடித்தால் கனடாவின் குளிர்காற்றுக் கணக்குப்படி அது மைனஸ் 18-க்குச் சமம், அந்தக் காற்று முழுக்க ஹேண்டில்பார் மேல்தான் அடிக்கிறது. பிரேக் பிடிக்கும் நேரத்தில் விரல் மடங்கவில்லை என்றால் எனக்கு நிஜமாகவே பயமாக இருக்கும். அதனால் கைக்குச் சூடு தரும் ஹேண்ட் வார்மர்களை இரண்டு குளிர்காலமாக ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன்.

முதலில் கடையில் வாங்கி கிளவுஸுக்குள் வைக்கிற இரும்புத்தூள் பாக்கெட். இரும்பு துருப்பிடிக்கும்போது வரும் சூடுதான் இது, அதற்குக் காற்று வேண்டும். காற்றுப் புகாத இறுக்கமான கிளவுஸுக்குள் வைத்தால் பத்து நிமிடத்தில் அடங்கிவிடுகிறது, வெளியே எடுத்து உதறினால் மறுபடி சுடுகிறது. ஸ்டேஷன் போனதும் ஜிப் பையில் காற்றை வெளியேற்றி மூடி வைத்தால் மாலைக்கும் அதே பாக்கெட் வரும். நீண்ட பயணத்துக்கு இதுதான் சரி, ஆனால் தினமும் குப்பையில் போட எனக்கு மனசு வரவில்லை.

அடுத்தது உள்ளே ஒரு சின்ன உலோகத் தகட்டை அழுத்தினால் சூடாகிற சோடியம் அசிடேட் பை. சில நொடிகளில் 50 டிகிரிக்கு மேல் போய்விடும், பார்க்கவே ஆசையாக இருக்கும், ஆனால் கட்டியானதும் கல் மாதிரி இருக்கிறது, அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பிரேக் பிடிக்க முடியாது. இதையே வினிகரும் பேக்கிங் சோடாவும் கலந்து வீட்டில் காய்ச்சலாம். ஒரு லிட்டர் வினிகரை மணிக்கணக்காக வற்றவிட்டால் 100 கிராமுக்குக் கொஞ்சம் மேல்தான் தேறும், வீடெல்லாம் இரண்டு நாள் புளித்த வாடை. தயவுசெய்து வேண்டாம்.

எனக்குக் கடைசியில் கைகொடுத்தது அரிசிப் பை. பழைய காட்டன் வேட்டித் துணியில் 10-க்கு 6 சென்டிமீட்டர் அளவில் இரண்டு பை, ஒவ்வொன்றிலும் 60 கிராம் போலப் பச்சரிசி, சுற்றிலும் காட்டன் நூலால் நெருக்கமான தையல். ஜரிகைக் கரையைக் கட்டாயம் வெட்டி எடுத்துவிடுங்கள், மைக்ரோவேவில் பொறி பறக்கும். பாலியஸ்டர் துணியும் நூலும் உருகும். இரண்டையும் சேர்த்து 40 வினாடி வைத்தால் என் மைக்ரோவேவில் போதுமான சூடு, உங்களுடையதில் 20-இல் ஆரம்பித்துப் பாருங்கள். கூடவே ஒரு கப் தண்ணீர் வைப்பேன், அரிசி காய்ந்து கருகாமல் இருக்க.

இதை எங்கே வைக்கிறோம் என்பதுதான் முக்கியம், அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. உள்ளங்கையில் வைத்தால் பிடி தளர்கிறது, விரல் நுனியில் வைத்தால் கிளவுஸ் இறுகி ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் குளிர்கிறது. நாடி பார்க்கும் இடத்தில், மணிக்கட்டின் உட்புறம், மெல்லிய உள் கிளவுஸுக்கு மேல் வைத்து ஜாக்கெட் கையை அதை மூடும்படி இழுத்துவிடுங்கள். விரலுக்குப் போகும் ரத்தம் அந்த வழியாகத்தான் தோலுக்குப் பக்கத்தில் போகிறது, நாலைந்து நிமிடத்தில் நுனிவரை சூடு தெரியும். அரிசி என்பதால் கையின் வளைவுக்கு ஏற்ப அமர்ந்துகொள்ளும், கிளவுஸைக் கழற்றாமலே கியர் மாற்றலாம்.

என் 25 நிமிடத்துக்கு இது சரியாகப் போதும், அதற்கு மேல் ஆறிவிடும். திரும்பி வரும்போது ஆபீஸ் பான்ட்ரியில் மறுபடி சுட வைக்கிறேன். மைனஸ் 15-க்குக் கீழே போனால் அரிசி மட்டும் போதாது, ஹேண்டில்பாரையே மூடுகிற பெரிய உறை போட்டு அதற்குள் கையை விட்டால்தான் ஓட்ட முடிகிறது. அப்புறம் ஒன்று, அரிசியில் வறுத்த வாசனை வர ஆரம்பித்தால் பையைப் பிரித்துப் புது அரிசி போட்டுத் தைத்துவிடுங்கள், எனக்கு ஒரு சீசனுக்கு இரண்டு முறை மாற்ற வேண்டியிருந்தது.