லைன் வீடா, அபார்ட்மெண்டா? அம்மா பகலெல்லாம் தனியாக இருக்கப்போகும் வீடு

போன தை மாதம் திருப்பூரில் தங்கச்சிக்கு வாடகை வீடு தேடி அலைந்தோம். தங்கச்சி, மாப்பிள்ளை இரண்டு பேருக்கும் பனியன் கம்பெனி வேலை. காலை எட்டரைக்குப் போனால், ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாளில் ராத்திரி எட்டரைக்குத்தான் வெளியே வருவார்கள். வீட்டில் எழுபதைத் தாண்டிய எங்கள் அம்மாவும், எட்டாவது படிக்கும் தங்கச்சி மகளும். பார்த்ததில் தேறியவை இரண்டு. ஒன்று 15 வேலம்பாளையம் (பகுதியின் பெயரே அப்படித்தான்) பக்கம் ஒரு லைன் வீடு. மற்றது அவிநாசி ரோட்டுப் பக்கம், லிஃப்ட் வைத்த அபார்ட்மெண்டில் நாலாவது மாடி. வாடகையும் அட்வான்சும் ஒரு பக்கம் இருக்கட்டும். உள்ளே குடியிருப்பவர்களை அந்தக் கட்டடங்கள் என்ன செய்யும் என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வியாக இருந்தது.

லைன் வீட்டைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தப் பக்கம் எட்டு வீடு, எதிரே எட்டு வீடு, நடுவில் பொது வாசல். ஒவ்வொன்றும் பத்துக்குப் பத்தில் ஓர் அறை, ஒட்டினாற்போல் ஒரு சமையலறை. மேலே சிமெண்ட் அட்டை. வாசலின் ஒரு முனையில் குடிக்க நல்ல தண்ணிக் குழாயும், புழங்கச் சப்பத் தண்ணித் தொட்டியும், மறு முனையில் பொதுக் கக்கூசும் குளியலறையும். வாசலில் ஒரு வேப்பமரம் இருந்தால் அது வீட்டுக்காரர் செய்த புண்ணியம்.

நானும் தங்கச்சியும் வளர்ந்ததே இப்படி ஒரு லைனில்தான். அம்மா செக்கிங் வேலைக்குப் போய்விடுவார். சாவி எதிர்வீட்டு அத்தையிடம் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைத் திண்ணையில் வைப்பதற்குள், "ஏஞ்சாமி, மூஞ்சி வாடிக் கெடக்குது, வந்து ஒரு வாய் தின்னுட்டுப் போ" என்று குரல் வந்துவிடும். அத்தை எங்களுக்குச் சொந்தமோ சொந்த ஊரோ கிடையாது. அவருடைய கதவும் எங்கள் கதவும் எதிரெதிரே திறந்தன. அத்தை நல்லவர்தான். ஆனால் நாங்கள் பசியோடு வருவது அவர் கண்ணில் பட்டதற்குக் காரணம் அந்தக் கதவு.

இதை எண்ணிக்கையாகவே காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்வி நிலையம், திருமணமான மாணவர்களுக்காகக் கட்டிய குடியிருப்பில் லியோன் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், கர்ட் பேக் என்ற மூன்று ஆய்வாளர்கள் யார் யாரோடு நெருக்கம் என்று விசாரித்தார்கள். முடிவுகள் 1950இல் வெளிவந்தன. அங்கே இரண்டு மாடிக் கட்டடங்கள், மாடிக்கு ஐந்து வீடு. அடுத்த வீட்டுக்காரர்களில் 41 சதவீதம் பேர் நெருங்கிய நண்பர்களாகச் சொல்லப்பட்டார்கள். ஒரு வீடு தள்ளிப் போனதும் அது 22 ஆக இறங்கியது. அதே மாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வெறும் 10. இடையில் இருந்தது நடந்து போகச் சில விநாடி ஆகும் தூரம், அவ்வளவுதான். இன்னொன்றையும் கவனித்தார்கள். கீழ்த் தளத்தில் மாடிப்படிக்குப் பக்கத்து வீட்டில் இருந்தவர்களுக்கு மேல்மாடியிலும் சிநேகிதம் கூடுதலாக இருந்தது. மேலே போகிறவர்கள் எல்லாம் அவர்கள் வாசலைத் தாண்டித்தானே போக வேண்டும்! எங்கள் லைனில் குழாயடிக்குப் பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தெரியாத சங்கதியே இல்லாமல் இருந்ததற்கு விளக்கம் எனக்கு இதில்தான் கிடைத்தது.

அபார்ட்மெண்டுக்கு வருவோம். கோயம்புத்தூரில் நான் இருப்பது அப்படி ஒன்றில்தான், ஆறு வருடமாக. லிஃப்ட் திறந்தால் இருட்டு நடை. பகலிலும் டியூப் லைட் எரியும். மூடிய நாலு கதவு, கதவுக்கு ஒரு கண்துளை. அங்கே நிற்க எந்தக் காரணமும் கிடையாது. தண்ணீர் உள்ளேயே வருகிறது, துணி உள்ளேயே காய்கிறது. ஒரு நாள் மத்தியானம் பக்கத்து வீட்டுப் பெரியவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார். நான் அன்றைக்கு வீட்டில்தான் இருந்தேன், நடுவில் ஒரே சுவர். சாயங்காலம் அவர் மகன் வந்து கதவைத் திறந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. லைனில் ஒரு கிழவி மத்தியானம் வரை வெளியே தலைகாட்டாவிட்டால் நாலு பேர் கதவைத் தட்டிவிடுவார்கள்.

அம்மாவை மட்டும் நினைத்தால் லைன் வீடுதான் என்று அன்றைக்கே முடிவு செய்திருப்பேன்.

தங்கச்சி மகளை நினைத்தால் கணக்கு மாறிவிடுகிறது. பதின்மூன்று வயது. ராத்திரி கக்கூஸ் போக வேண்டும் என்றால் பதினாறு வீட்டு வாசலைத் தாண்டி நடக்க வேண்டும். மாதவிடாய் நாளில் பொதுக் குளியலறையில் வரிசை. "வெளிய படுத்திருக்கறவங்களத் தாண்டிப் போகணும்னே நான் ராத்திரி தண்ணி குடிக்க மாட்டேன்" என்று தங்கச்சி இப்போதுதான் என்னிடம் சொன்னாள். அதே லைனில் அவளோடு வளர்ந்த எனக்கு இது தெரியவே இல்லை. எல்லோரும் எல்லோரையும் பார்க்கும் வாசல் சாவி வாங்கி வைக்கவும் செய்யும், பெண் பிள்ளையைத் தாகத்தோடு படுக்கவும் வைக்கும். இந்த இடத்தில் அபார்ட்மெண்ட்தான் மேல். உள்ளேயே கழிப்பறை, தாழ்ப்பாள் போட்ட தனி அறை என்பதை ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

வெயில் விஷயத்தில் இரண்டுமே மோசம், ஆனால் வேறு வேறு நேரத்தில். சிமெண்ட் அட்டை மெல்லியது. சட்டென்று சுடும், பொழுது சாய்ந்தால் சீக்கிரம் ஆறும். அபார்ட்மெண்டின் தார்சுக் கூரை, அதாவது கான்கிரீட் தளம், பகல் வெயிலை மெதுவாக உள்வாங்கி ராத்திரியில் வெளியே விடும். நாங்கள் பார்த்த நாலாவது மாடிக்கு மேலே மொட்டை மாடிதான். சித்திரையில் பத்து மணிக்கும் ஃபேன் சூடாகத்தான் வீசும். இதில் பகலெல்லாம் வீட்டில் இருக்கப்போவது அம்மா, அதனால் அட்டைதான் அவருக்குக் கெடுதல். காற்றோட்டமும் அங்கே கிடையாது. பின்சுவரை ஒட்டி அடுத்த லைனின் பின்சுவர், ஜன்னல் வைக்கவே வழியில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து ஊரையே புரட்டும் ஆடிக் காற்று அந்த அறைக்குள் மட்டும் நுழையாது. அந்தப் புழுக்கம் தாங்காமல்தான் எல்லோரும் வேப்பமரத்தடிக்கு வந்தோம். எங்கள் பழக்கத்தில் பாதி அந்த வெக்கை கொடுத்தது என்பதையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வாலிபப் பையன்கள் சேர்ந்து தங்கினால் லைன் போதும். கணவன் மனைவி மட்டும், இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள் என்றால் அபார்ட்மெண்ட் பிடித்துக்கொள்ளலாம். பகலில் தனியாக இருக்கும் வயசானவரும் வளர்ந்த பெண் பிள்ளையும் ஒரே வீட்டில் இருந்தால் இரண்டுமே எனக்குச் சம்மதமில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் இன்னொருவரைக் கைவிட்டதாகிவிடும். வாடகைக்குக் கட்டுகிறவர்கள் கழிப்பறையை உள்ளே வைத்துவிட்டு, எல்லாக் கதவும் வெளிச்சமுள்ள ஒரு பொது வராந்தாவைப் பார்த்துத் திறக்கும்படி கட்டினால் இந்தத் தவிப்பு எவ்வளவோ குறையும்.

எங்களுக்கு மூன்றாவதாக ஒரு வீடு அகப்பட்டது. லிஃப்ட் இல்லாத மூன்று தளக் கட்டடம், மொத்தம் ஆறு வீடு. கீழ்த் தளத்தில் மாடிப்படிக்கு நேர் பக்கத்து வீடு காலியாக இருந்தது. சமையலறை சின்னது, வண்டி நிறுத்தும் சத்தம் உள்ளே கேட்கும், அதனால் வந்தவர்கள் எல்லாம் வேண்டாம் என்று போயிருக்கிறார்கள். கழிப்பறையும் பாத்ரூமும் உள்ளேயே. தண்ணீர் மோட்டார் சுவிட்ச் அந்த வீட்டுக் கதவை ஒட்டியே இருந்தது. "அது ஒரு தொந்தரவுங்க, ஆளாளுக்கு வந்து போட்டுட்டே இருப்பாங்க" என்று வீட்டுக்காரர் சங்கடப்பட்டார். நான் அங்கேயே அட்வான்ஸ் கொடுக்கச் சொன்னேன்.

குடிபோய் நாலு மாதம் ஆகிறது. இரண்டாவது மாடிப் பெண் காலையில் மோட்டார் போட வரும்போது, "ஆயா, சாப்டாச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் படி ஏறுகிறாள். அம்மா ஏழு மணிக்கே கதவைத் திறந்து, நாற்காலியை சுவிட்ச் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொள்கிறார்.