ட்ரிகர் மாற்றித் தருகிறேன் என்பவரிடம் துப்பாக்கியைக் கொடுக்கும் முன்

டாலஸுக்கு வடக்கே, துப்பாக்கி சுடப் பழகும் ஒரு ரேஞ்சில், முன்பக்கக் கடையிலேயே மேசை போட்டு உட்கார்ந்து ‘ட்ரிகர் ஜாப்’, அதாவது ட்ரிகரை இளக்கும் வேலை, செய்து தருகிற ஒருவரிடம் என் க்ளாக் 19 கைத்துப்பாக்கியைக் கொடுத்தேன். பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். கீழே விழுந்தால் வெடிக்காது என்ற உத்தரவாதமே இல்லாத துப்பாக்கியாக அது திரும்பி வந்தது. விவகாரம் இன்னும் முடியவில்லை என்பதால் கடைப் பெயரை எழுதவில்லை. ப்ளேனோ, ஃபிரிஸ்கோ, ஆலன் பக்கம் இருக்கும் நம்மவர்கள் பலர் இப்போது சனி ஞாயிறுகளில் ரேஞ்சுக்குப் போகிறார்கள், அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. (க்ரீன் கார்டு, குடியுரிமை உள்ளவர்களைச் சொல்கிறேன். எச்1பி-யில் இருப்பவர்கள் வேட்டை லைசென்ஸ் போன்ற விதிவிலக்கு எதுவும் இல்லாமல் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே ஃபெடரல் சட்டப்படி குற்றம். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் அதில் சேர்த்திதான். இது பலருக்குத் தெரிவதில்லை.)

என்னுடையது மூன்றாம் தலைமுறை க்ளாக் 19. கம்பெனியிலிருந்து வரும்போது அதன் ட்ரிகரை இழுக்க ஏறக்குறைய ஐந்தரை பவுண்டு அழுத்தம் வேண்டும். இழுவையில் கொஞ்சம் கரகரப்பு இருக்கும், விட்டுக்கொடுக்கும் இடம் தெளிவாகத் தெரியாது. இந்தக் குறையை வைத்துத்தான் ஆஃப்டர்மார்க்கெட் (வேறு கம்பெனிகள் செய்து விற்கும்) ட்ரிகர் வியாபாரம் ஓடுகிறது. அலுமினிய ட்ரிகர், மெருகேற்றிய கனெக்டர் (இழுவையின் கனத்தை மாற்றும் சிறு உலோகத் தகடு), இளக்கமான ஸ்ப்ரிங்குகள் எல்லாம் ஒரே பாக்கெட்டில் வரும். நல்ல கம்பெனிகளின் பாக்கெட்டுகளும் இருக்கின்றன. அவற்றை ஒழுங்காகப் பொருத்திப் போட்டிகளில் சுடுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் மீது குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

மேசைக்காரர் சொன்ன கணக்கு இது: பெயர் பெற்ற கம்பெனியின் கிட் 160 டாலர், ‘3.5 பவுண்டு’ கனெக்டர் தனியாக 30, கூலி 90. “பட்டு மாதிரி இழுக்கும், தோட்டா வெடிக்காமல் போகவே போகாது” என்றார். வேலை அதிகமாக இருப்பதால் துப்பாக்கியை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். ரசீது கடையின் பெயரில்தான் அடித்தார்கள். இந்த ரசீதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேலை இருக்கிறது.

திரும்ப வாங்கும்போது கடையிலேயே வெறுமனே இழுத்துப் பார்த்தேன். நிஜமாகவே இளக்கமாக இருந்தது. பழைய பாகங்கள் எங்கே என்று கேட்டதற்கு, “தேய்ந்துபோனது, குப்பையில் போட்டுவிட்டேன்” என்றார். க்ளாக்கின் ட்ரிகர் பாகங்கள் அப்படிச் சில ஆயிரம் ரவுண்டுகளில் தேய்ந்துபோகிற சமாச்சாரம் இல்லை. பிறகு பார்த்தபோது, அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் வேறு என்று தெரிந்தது.

ரேஞ்சில் முதல் மேகசினிலேயே தொல்லை ஆரம்பித்தது. இழுத்தால் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் வரும். அப்படி நடந்தால் குழலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு முப்பது விநாடி காத்திருக்க வேண்டும், தாமதமாக வெடிக்கக்கூடும். காத்திருந்து வெளியே எடுத்துப் பார்த்தால், பிரைமரில் (தோட்டாவின் அடியில் அடிபட்டு வெடிக்கும் சிறு மூடி) லேசான குழிதான் விழுந்திருந்தது. பிரைமரை அடிக்கும் ஊசியான ஸ்ட்ரைக்கர் போதுமான வேகத்தில் அடிக்கவில்லை என்று அர்த்தம். ஸ்ட்ரைக்கர் ஸ்ப்ரிங்கை இளக்கினால் ட்ரிகர் இழுவை குறையும், கூடவே அடியின் பலமும் குறையும். ஒன்றை விட்டு மற்றொன்று வராது. பிரைமர் மென்மையான ‘ஃபெடரல்’ கம்பெனித் தோட்டாக்களை மட்டும் வைத்துச் சுடுகிற போட்டிக்காரர்கள் அதைச் சமாளித்துக்கொள்வார்கள். வீட்டுப் பாதுகாப்புக்கு வைத்திருக்கும் துப்பாக்கியில், எந்தப் பெட்டித் தோட்டாவைப் போட்டாலும் வெடித்தாக வேண்டும். எதற்காக வைத்திருக்கிறேன் என்பதை மேசைக்காரரிடம் முதலிலேயே சொல்லியிருந்தேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

திரும்பக் கொண்டுபோனபோது, தோட்டாதான் மட்டம், வேறு கம்பெனி வாங்கிப் பாருங்கள் என்றார். அதே பெட்டித் தோட்டாக்கள் என் நண்பரின் துப்பாக்கியில் ஒன்று தவறாமல் வெடித்தன. அந்த நண்பர் திருநெல்வேலிக்காரர், இங்கே வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. “தம்பி, இனிமே அந்த ஆள்கிட்ட குடுக்காதீங்க. க்ளாக் ஆர்மரர் கோர்ஸ் முடிச்ச ஒருத்தர் இருக்காரு, அவருகிட்ட காட்டுவோம்” என்றார். ஆர்மரர் கோர்ஸ் என்பது க்ளாக் கம்பெனியே நடத்துகிற ஒரு நாள் பயிற்சி. அது படித்தவரெல்லாம் மேதை என்று சொல்ல மாட்டேன், ஆனால் எது எங்கே எப்படி இருக்க வேண்டும் என்று பார்க்கும் கண் அவர்களுக்கு உண்டு.

அந்த ஆர்மரர் துப்பாக்கியின் மேல்பகுதியான ஸ்லைடைக் கழற்றிய உடனே, “இதற்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?” என்று கேட்டார்.

‘3.5 கனெக்டர்’ என்று 30 டாலர் வாங்கினாரே, அப்படி ஒன்று உள்ளே இல்லவே இல்லை. துப்பாக்கியோடு வந்த கனெக்டரையே இடுக்கியால் வளைத்து, டிரெமல் என்ற சுழல் கருவியை வைத்துப் பளபளவென்று தேய்த்துத் திரும்ப மாட்டியிருந்தார். இடுக்கியின் பல் தடம் அப்படியே இருந்தது. க்ளாக் கம்பெனியே ஒரு இளக்கக் கனெக்டர் விற்கிறது; கழித்தல் குறி போட்டிருக்கும், 34, 35 போன்ற போட்டி மாடல்களில் வரும். ஒரு காலத்தில் அதை 3.5 என்று சொன்னார்கள், இப்போது கம்பெனியே 4.5 என்றுதான் குறிப்பிடுகிறது. அதாவது நிஜமான கனெக்டரையே மாட்டியிருந்தாலும், அது ஒன்றினால் மட்டும் மூன்றரை பவுண்டு வந்திருக்காது. ஆர்மரர் அளவுமானி வைத்து இழுத்துப் பார்த்தார். ஒரு தடவை மூன்று பவுண்டு, அடுத்த தடவை ஐந்துக்கு மேல் என்று அது நிலையில்லாமல் ஆடியது.

ட்ரிகரில் எந்தக் கம்பெனியின் முத்திரையும் இல்லை. ரசீதில் எழுதிய கம்பெனியின் ட்ரிகரில் பெயர் பொறித்திருக்கும். சரி, போலி என்றால் பணம்தானே நஷ்டம் என்று விட்டுவிடலாம். ஆனால் அதன் நடுவில் இருக்கும் சின்ன நாக்கு, அதுதான் ட்ரிகர் சேஃப்டி, வேலையே செய்யவில்லை. விரல் நடுவில் படாமல் ட்ரிகரின் ஓரத்தை மட்டும் அழுத்தினால் அது அசையாமல் தடுக்க வேண்டும். என்னுடையது சாவகாசமாகப் பின்னால் போனது.

க்ளாக்கில் வெளியே தட்டிவிடுகிற சேஃப்டி பட்டன் கிடையாது. உள்ளே மூன்று தடுப்புகள் தாமாகவே வேலை செய்கின்றன. ட்ரிகரின் நாக்கு ஒன்று. ஸ்லைடுக்குள் ஸ்ட்ரைக்கரை மறித்து நிற்கும் சிறு உருளை இரண்டாவது. ட்ரிகரை முழுதாக இழுக்கும்போது மட்டுமே அது மேலே ஏறி வழி விடும். ட்ரிகரிலிருந்து பின்னால் போகும் கம்பியான ட்ரிகர் பாரின் பின்முனை ஒரு விளிம்பின் மேல் உட்கார்ந்து, பின்னால் இழுக்காதவரை கீழே இறங்காமல் இருப்பது மூன்றாவது. மேசைக்காரர் ‘மெருகேற்றுகிறேன்’ என்று இரண்டாவது உருளையின் விளிம்பையும் தேய்த்து உருட்டிவிட்டிருந்தார். எனக்குப் பட்டுப்போல இருந்த இழுவையில் பாதி இப்படி வந்ததுதான். ஆர்மரர் அந்த உருளையை என் உள்ளங்கையில் வைத்து, பக்கத்தில் புதியது ஒன்றையும் வைத்தார். வித்தியாசம் வெறும் கண்ணுக்கே தெரிந்தது.

கீழே விழுந்தால் வெடிப்பது என்பது கற்பனைக் கதை இல்லை. சிக் சாவரின் பி320 சில கோணங்களில் பின்பக்கமாக விழுந்தபோது வெடித்தது தெரியவந்து, 2017 ஆகஸ்டில் அந்தக் கம்பெனி தானாகவே முன்வந்து இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது. மாற்றித் தந்தவற்றில் எடை குறைந்த ட்ரிகரும் உண்டு. விழுகிற வேகத்தில் ட்ரிகர் தன் எடையினாலேயே பின்னால் நகர்ந்துவிடக் கூடாது என்பதுதான் விஷயம். க்ளாக்கில் அந்த நாக்கு இருப்பதும் இதற்காகவே. என்னுடையதில் நாக்கும் வேலை செய்யவில்லை, அடுத்த தடுப்பான உருளையும் பாதி தேய்ந்திருந்தது.

பழைய பாகங்கள் ஏன் ‘குப்பைக்குப்’ போயின என்பது இப்போது புரிந்திருக்கும். கனெக்டரும் உருளையும் துப்பாக்கிக்குள்ளேயே இருக்கும்போது அவர் எதைத் திருப்பித் தருவார்?

கடை முதலாளியிடம் போனேன். “அவர் எங்கள் ஆள் இல்லை, மேசையை வாடகைக்கு எடுத்திருக்கிறார்” என்றார். ரசீதை நீட்டினேன். அப்படியென்றால் இதே கடையில் பொருள் வாங்கிக்கொள்ள 100 டாலர் கிரெடிட் தருகிறேன் என்று இறங்கி வந்தார். அப்புறம்தான் கேட்டேன்: துப்பாக்கியை இரவில் வைத்துக்கொண்டீர்களே, பதிவேட்டில் ஏற்றினீர்களா? துப்பாக்கி பழுதுபார்ப்பதைத் தொழிலாகச் செய்பவருக்கு ஃபெடரல் உரிமம் (எஃப்.எஃப்.எல்.) வேண்டும். அன்றன்றைக்கே திருப்பிக் கொடுத்தால் பரவாயில்லை, இரவு தங்கினால் வரவு செலவுப் பதிவேட்டில் அந்தத் துப்பாக்கி ஏற வேண்டும். முதலாளி பதில் சொல்லாமல் வேறு வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டார்.

மேசைக்காரரிடம் சொந்த உரிமம் இருக்கிறதா என்று எண்ணைக் கேட்டேன், தரவில்லை. எண் கொடுத்தால் சரிபார்ப்பது சுலபம். அந்த உரிமத்தைக் கொடுக்கும் ஃபெடரல் அமைப்பான ஏ.டி.எஃப்.-இன் ‘எஃப்.எஃப்.எல். ஈஸி செக்’ பக்கத்தில் முதல் மூன்று, கடைசி ஐந்து இலக்கங்களைப் போட்டால் உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று காட்டிவிடும். எண்ணைச் சொல்லத் தயங்குகிறவரிடம் திருகாணி கூடக் கழற்றக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. பழைய பாகங்களை ஒரு கவரில் போட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று வேலைச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். புதிய பாகங்களின் பாக்கெட்டை உங்கள் எதிரில் பிரிக்கச் சொல்லுங்கள். எந்தெந்தப் பாகத்தில் கை வைக்கப் போகிறார் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். ‘பாலிஷ்’ என்று மட்டும் எழுதியிருந்தால் எதை, எவ்வளவு என்று கேளுங்கள். சேஃப்டி பாகங்களைத் தேய்க்கிறவர் அதைச் சீட்டில் எழுத மாட்டார்.

ஆர்மரர் கம்பெனி பாகங்களையே திரும்பப் போட்டுத் தந்தார். கனெக்டர், ட்ரிகர் பார், உருளை, ஸ்ப்ரிங்குகள் எல்லாம் சேர்த்துச் சில பத்து டாலர்கள்தான். கெடுத்ததற்கு 280, சரிசெய்ததற்கு அதில் கால்வாசி கூட இல்லை. ஐந்தரை பவுண்டும் கரகரப்பும் திரும்ப வந்துவிட்டன. எல்லாத் தோட்டாவும் வெடிக்கிறது.

தேய்த்த பாகங்களைத் தனியாகக் கட்டி, படம் எடுத்து, ஆர்மரரிடம் எழுத்தில் குறிப்பும் வாங்கி வைத்திருக்கிறேன். கிரெடிட் கார்டு கம்பெனியில் புகார் கொடுத்ததில் பாகங்களுக்கான 190 டாலர் திரும்ப வந்தது. கூலி 90-ஐக் கடையில் கொடுக்க மறுக்கிறார்கள், ‘வேலை நடந்ததே’ என்கிறார்கள். டெக்சஸின் ஏமாற்று வணிகத் தடைச் சட்டப்படி வழக்குப் போடும் முன் அறுபது நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பியாகிவிட்டது. கெடு முடிந்ததும் ஜஸ்டிஸ் கோர்ட்டில் மனு போடுவேன். 20,000 டாலர் வரையிலான வழக்கை அங்கே வக்கீல் இல்லாமலே நடத்தலாம். 90 டாலருக்காக இவ்வளவா என்று வீட்டில் கேட்கிறார்கள். அந்த மேசை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, போன வாரம்கூட இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள்.