'பல' எழுத்தாம், 'சில' எழுத்தில்லையாம்: பைத்தானோடு ஆறு வருடம்

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "ஊர்ப்பக்கத்துப் பழமொழிகளைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். எந்தச் சொல் எத்தனை தடவை வருதுன்னு எண்ணணும். பைத்தான் நிரல்மொழி போதுமா?" போதும் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆறு வருட எரிச்சல் முந்திக்கொண்டது.

'தமிழ்' என்ற சொல்லுக்கு, நீளம் சொல்லும் லென் 5 என்று சொல்வதில் எனக்கு வருத்தமில்லை. த, ம, மேல்விலங்கு, ழ, புள்ளி என்று கணினி ஒவ்வொரு உருவுக்கும் வைத்திருக்கும் குறியெண்களை அது எண்ணுகிறது. ஸ்விஃப்ட் என்ற இன்னொரு நிரல்மொழியில் கேட்டால் 3 வரும். சரி, அவரவர் கணக்கு.

பொறுக்க முடியாதது ரீ மாட்யூல், பைத்தானோடு வருகிற, உரையில் வடிவம் தேடும் கருவி. சொற்களைப் பிரிக்க எல்லோரும் எழுதுகிற அதே பின்சாய்கோடு டபிள்யூ, கூட்டல் குறி (\w+, அதாவது 'சொல்லில் வரும் உருக்கள் தொடர்ச்சியாக'). 'கிராமம்' என்று கொடுத்தால் 'க', 'ர', 'மம' என்று மூன்று துண்டுகள் வருகின்றன. முதல்முறை சொல் பட்டியல் எடுத்தபோது உச்சியில் வெறும் ஒற்றை எழுத்துகளாக வந்து நின்றன. கோப்பில்தான் கோளாறு என்று நினைத்து, அரை நாள் அதையே யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் திரும்பத் திரும்பச் சேமித்துக்கொண்டிருந்தேன்.

காரணம் அற்பமானது. ஓர் உரு எழுத்தா, எண்ணா, அடிக்கோடா என்று மட்டும் ரீ பார்க்கிறது. உலக எழுத்துகளுக்கெல்லாம் குறியெண் கொடுக்கும் யூனிகோடு தரத்தின் வகைப்பாட்டில் துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் 'மார்க்'. எழுத்துக் கணக்கில் வராது. எல்லாம் எழுத்துதானா என்று சோதிக்கும் இஸ்ஆல்ஃபாவிடம் கேளுங்கள்: 'பல' எழுத்துதான் என்கிறது, 'சில' இல்லை என்கிறது. ஆனால் அதே பைத்தானில் தமிழ் என்றே ஒரு மாறிக்குப் பெயர் வைக்கலாம், மறுப்பில்லை. வாசலில் சந்தனம் கொடுத்துவிட்டுப் பந்தியில் இலை போடாத கதை. இந்தக் குறிகளையும் சொல்லோடு சேர்க்க வேண்டும் என்றுதான் யூனிகோடின் வழிகாட்டியே சொல்கிறது. 2011-லேயே இதைப் பற்றிப் புகார் பதிவாகிவிட்டது.

திட்டிக்கொண்டே இருந்தால் பாவம் பிடிக்கும். யூனிகோடு விவரங்களைத் தரும் யூனிகோட்டேட்டா மாட்யூல் தங்கம். 'கொ' என்பதை ஒரே ஒகரக் குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் துணைக்காலுமாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் ஒன்றுதான், ஒப்பிட்டால் வேறு வேறு. கோப்பைத் திறந்ததும் அதன் நார்மலைஸில் என்எஃப்சி (சேர்த்து எழுதும் ஒரே வடிவம்) கொடுத்துவிட்டால் இந்தத் தலைவலி போச்சு. அதிலேயே எழுத்துகளின் யூனிகோடு ஆங்கிலப் பெயர் கேட்டுப் பார்த்தால் ல-வுக்கு ஓர் எல், ள-வுக்கு இரண்டு, ழ-வுக்கு மூன்று எல் போட்டு வைத்திருக்கிறார்கள். நாக்கு மடங்குகிற அளவுக்கு ஏற்றபடி போலிருக்கிறது!

ஒருநாள் விளையாட்டாக, உரையை எண்ணாக மாற்றும் இன்ட்டுக்குள் '௨௫' என்று தமிழ் எண்களைப் போட்டேன். 25 என்றது. நம்பாமல் ஒன்றைக் கூட்டினேன், 26. பழைய பத்துக் குறி '௰' மட்டும் அதற்கு ஆகவில்லை, பிழை காட்டியது. யூனிகோட்டேட்டாவின் நியூமெரிக்கில் கேட்டால் 10.0 என்று தசமப் புள்ளியோடு மரியாதையாக வந்தது. அன்று முழுக்க எனக்கு நல்ல மனநிலை.

நண்பரிடம் கடைசியில் சொன்னது இதுதான்: "ரீயைத் தொடாதீங்க. பைத்தானுக்குக் கூடுதல் கருவிகளை நிறுவும் பிப்பில் ரீஜெக்ஸ் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுக்கோங்க. அதில் 'கிராமம்' முழுசாக வரும். மொழிக்குள்ளேயே வருகிற சரக்குக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு."

"அப்போ நீங்க வேறு மொழிக்கு மாறிட்டீங்களா?" என்றார்.

நேற்று ராத்திரி எழுதியதும் பைத்தான்தான்.